கணவர் என்ன வேலை பார்க்கிறார்?

நண்பர்களே, வணக்கம்.

கலிபோர்னியாவில் லேத்ரப் என்று ஒரு சின்ன ஊர். ஆக்சிடென்டல் நிறுவனத்தின் ரசாயன ஆலை ஒன்று அங்கே இருந்தது. அதன் ஒரு பிரிவில் பூச்சிமருந்து தயாரித்தார்கள். 1977-ல் அந்தப் பிரிவின் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயம் பிடிபட்டது: இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு நம்மில் அநேகமாக யாருக்குமே குழந்தை பிறக்கவில்லையே, ஏன்?

இதை அவர்களுக்கு டாக்டர் சொல்லவில்லை, முதலாளி சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை. அவர்களாகத்தான் கண்டுபிடித்தார்கள். சிலர் துணிந்து விந்துப் பரிசோதனைக்குப் போனார்கள். அப்புறம்தான் டொனால்ட் வோர்ட்டன் என்ற மருத்துவரின் குழு முறைப்படி ஆராய்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு குறைவாக இருந்தது, அல்லது ஒன்றுகூட இல்லை. அதிக காலம் வேலை பார்த்தவர்களுக்குப் பாதிப்பும் அதிகம்.

அவர்கள் கையாண்ட பொருளின் பெயர் டிபிசிபி. வேரை அரிக்கும் நூற்புழுவைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்துகிற மருந்து.

அந்த 14 பேரையும் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சரியான அளவில் இருந்தது. மீசை, குரல், ஆசை, உடல்பலம், எதிலும் குறையில்லை. விரைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு வகைச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. இன்னொரு பக்கம், நுண்குழாய்களின் சுவரில் இருக்கும் மூலச் செல்கள் பிரிந்து பிரிந்து விந்தணு ஆகின்றன. டிபிசிபி அழித்தது இந்த மூலச் செல்களை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ‘உற்பத்தி போதவில்லை’ என்று ஹார்மோனைக் கூட்டிக் கூட்டி அனுப்புகிறது; ஆனால் உற்பத்தி செய்ய அங்கே செல் இல்லை. நம் ஊரில் ‘எனக்கென்ன குறை, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று பரிசோதனைக்குப் போக மறுக்கிற ஆண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. டிபிசிபியைச் சுவாசித்த எலிகளின் விரை சுருங்குகிறது என்பது 1961-லேயே அச்சில் வந்துவிட்டது. தயாரித்த நிறுவனங்களுக்கு அது தெரியும். பதினாறு வருஷம் மருந்து விற்றுக்கொண்டே இருந்தது. உண்மை வெளியே வந்த பிறகு பீச் பழ விவசாயிகள் சங்கத்திலிருந்து அரசுக்கு ஒரு கடிதம் போனது: இனிமேல் குழந்தை வேண்டாம் என்கிறவர்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று! 1979-ல் அமெரிக்கப் பெருநிலத்தில் அதைத் தடுத்தார்கள். ஹவாயின் அன்னாசித் தோட்டங்களுக்கு 1985 வரை விலக்கு. கோஸ்டா ரிகா, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் வாழைத் தோட்டங்களில் இந்த மருந்தைக் கையாண்டவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். நிகராகுவாவில் ‘நெமகோன்’ என்று அதன் வணிகப் பெயரைச் சொன்னால் போதும், வாழைத் தோட்டப் பகுதியான சினாண்டேகாவிலிருந்து தலைநகர் மனாகுவாவுக்கு நியாயம் கேட்டு நடந்தே போன தொழிலாளிகளைத்தான் ஜனங்கள் நினைப்பார்கள்.

சரி, டிபிசிபி போய்விட்டது. ஈயம் போகவில்லை. பழைய பேட்டரியை உடைக்கிற, உருக்குகிற இடங்களில் அது புகையாகவும் தூசியாகவும் உள்ளே போகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் விந்தணுவின் எண்ணிக்கை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈயம் எப்படிக் கெடுக்கிறது என்பது எண்ணிக்கையை விட முக்கியம். அப்பாவிடமிருந்து போகிற டிஎன்ஏ முழுவதும் விந்தணுவின் தலைக்குள் அடங்க வேண்டும். பெட்டியில் துணியை அமுக்கிக் கயிறு போட்டு இறுக்குவதைப் போல, புரோட்டமின் என்ற புரதம் அந்த டிஎன்ஏவை இறுக்கிக் கட்டுகிறது. அந்தக் கட்டு அவிழாமல் பிடித்திருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். ரத்தத்தில் இருப்பதை விடப் பல மடங்கு துத்தநாகம் விந்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஈயம் வந்தால் துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. டிஎன்ஏ சரியாகக் கட்டுப்படாமல் போகிறது. சிகரெட் புகையில் இருக்கிற காட்மியத்தோடும் துத்தநாகத்துக்கு இப்படி ஒரு போட்டி உண்டு. 1950-களிலேயே பாரிசெக் என்ற செக் நாட்டு விஞ்ஞானி இதைக் காட்டினார்: காட்மியம் கொடுத்த எலியின் விரை அழிந்தது, கூடவே துத்தநாகமும் கொடுத்தபோது தப்பித்தது.

உடனே நீங்கள் கேட்பீர்கள், அப்படியானால் ஜிங்க் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமே?

துத்தநாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உலகத்துக்குச் சொன்னவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸ் நகரத்தில் மருத்துவராக இருந்தபோது 21 வயது இளைஞன் ஒருவனைப் பார்த்தார். தோற்றத்தில் பத்து வயதுப் பையன், பருவமே வரவில்லை. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, அதோடு களிமண்ணும் தின்னும் பழக்கம். அந்த ரொட்டியில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் குடல் உறிஞ்ச விடாது. பின்னால் அமெரிக்காவில் அவரது குழு, தாமாக முன்வந்த ஐந்து ஆண்களுக்குத் துத்தநாகம் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தது. நான்கு பேருக்கு விந்தணு சரிந்தது. துத்தநாகம் திரும்பக் கிடைத்ததும் மெல்ல ஏறியது.

ஆனால் குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தால்? அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. கணவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும், ஆறு மாதம். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. குழந்தை பிறந்தது ஒரு பக்கம் 34 சதவீதம், மறுபக்கம் 35 சதவீதம். விந்தின் தரமும் உயரவில்லை. டிஎன்ஏ உடைந்த விந்தணு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சற்று அதிகம், வயிற்றுக்கோளாறும் அதிகம். செலினியமும் விந்தணுவின் வால் உடையாமல் இருக்கத் தேவையானதுதான். அதுவும் அளவு மீறினால் விஷம்.

லேகியம், பஸ்பம் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-ல் முடிவு வந்தது. எல்லாமே அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஆண்மை விருத்தி’ என்று அட்டையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று போடாத எதையும் தொடாதீர்கள். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் அப்படித்தான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு பூஜ்யம் வரைக்கும் போகும். நிறுத்திய பிறகு மீள மாதக்கணக்கில் ஆகும்.

குழந்தைக்காக வருகிற தம்பதியில் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எல்லாம் நடக்கிறது. மாமியார் வீட்டுப் பேச்சையும் அந்தப் பெண்தான் கேட்கிறாள். கணவரிடம் ‘என்ன வேலை பார்க்கிறீர்கள், கையில் என்ன படுகிறது, என்ன புகையைச் சுவாசிக்கிறீர்கள்?’ என்று கேட்பவர் குறைவு. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பேட்டரி, பெயின்ட், பூச்சிமருந்து, வெல்டிங், கரைப்பான், எதுவானாலும் பெயரோடு சொல்லுங்கள். டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். ஈயத்தோடு வேலை என்றால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்; கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், அப்புறம் முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். ஆகவே அந்தப் பொருளை விட்டு விலகிய மறுவாரமே பரிசோதித்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.