கூரையிலிருந்து வந்த சொல்

நேயர்களுக்கு வணக்கம். 'கிரோடெஸ்க்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கோரம், விகாரம் என்று அகராதி பொருள் தரும். ஆனால் அது ரசித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ஆமாம், ரசித்துத்தான்.

கி.பி. 64இல் ரோம் எரிந்தது. எரிந்த இடத்தில் நீரோ தனக்கொரு பொன் மாளிகை எழுப்பினான். பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அதே நீரோதான். அந்தக் காலத்தில் பிடிலே கிடையாது, அது வேறு கதை. நான்கே ஆண்டில் அவன் இறந்தான். பிற்பாடு வந்த பேரரசன் டிராஜன், அறைகளில் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே பெரிய குளியல் மண்டபம் கட்டினான்.

1480 வாக்கில் அந்த மேட்டில் ஓட்டைகள் தட்டுப்பட்டன. ஓவியர்கள் கயிறு கட்டி உள்ளே இறங்கினார்கள். அறைகளில் மண் நிரம்பியிருந்தது என்றேன் அல்லவா? நிமிர்ந்து நிற்க இடமில்லை, வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். ரொட்டி, பன்றி இறைச்சி, ஆப்பிள், ஒயின் எல்லாம் கட்டிக்கொண்டு போனார்கள் என்று அக்காலத்துக் கவிதை ஒன்று சொல்கிறது. துணைக்குத் தேரையும் ஆந்தையும் வௌவாலும். ஆனால் மண் நிரம்பியதில் ஒரு லாபம் பாருங்கள்: அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை ஓவியம் மூக்குக்கு நேரே வந்துவிட்டது! தீப்பந்த வெளிச்சத்தில், வளைந்து போகிற கொடி மனிதத் தலையாக முடிகிறது. பூவுக்குள்ளிருந்து பாதி உடம்பு எட்டிப் பார்க்கிறது. பார்த்து வரைந்ததோடு விட்டார்களா? தங்கள் பெயரையும் கூரையில் கீறிவிட்டு வந்தார்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் எழுதுவது அன்றைக்கே உண்டு.

இருட்டும் மண்ணுமான அந்த இடத்தை 'குரோட்டா' என்றார்கள், அதாவது குகை. குகை பாணி ஓவியம் 'குரோட்டெஸ்கா' ஆயிற்று. 1502இல் இத்தாலியின் சியெனா நகரப் பேராலய நூலகத்துக்காக ஓவியர் பிந்துரிக்கியோவோடு போட்ட ஒப்பந்தத்தில், இப்போது குரோட்டெஸ்கே என்கிறார்களே, அந்த வகை வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. காசு கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்!

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். நீரோவுக்கு முன்பே கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணுக்குப் பதிலாக வரைந்த நாணல் தண்டு எப்படிக் கூரையைத் தாங்கும் என்று இந்த மாதிரிப் படங்களைத் திட்டி வைத்திருந்தார். அவரை மதித்தவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், சுவரை விட்டு மனிதர் முகத்துக்கும் உடம்புக்கும் தாவியது. அங்கேதான் விகாரம் ஒட்டிக்கொண்டது.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அழகில்லாததைச் சொல்லும் 'அக்லி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அச்சம் தருவது என்று பொருள். படுகோரம் என்று பொருள்படும், பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'ஹிடியஸ்' என்பதற்கும் வேர் பயம்தான். வணக்கம்.