மெழுகுக்காக வழிகாட்டும் பறவை

அவையோருக்கு வணக்கம்.

கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிகளில் தேன்காட்டி என்றொரு பறவை உண்டு. சுமார் 20 செ.மீ. நீளம், 50 கிராம் எடை, பழுப்பும் சாம்பலுமாக எடுப்பில்லாத தோற்றம். யாரும் பிடித்துப் பழக்காத இந்தக் காட்டுப் பறவை மனிதனைத் தேடி வந்து, சலசலவென்று கத்திக் கவனத்தை இழுத்து, மரம் மரமாக முன்னே பறந்து, தேன்கூட்டின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதை "மனிதனுக்கும் பறவைக்கும் நட்பு" என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது சுத்தமான கொடுக்கல் வாங்கல். அதிலும் ஒரு தரப்பு சில ஊர்களில் பாக்கியைத் தீர்ப்பதே கிடையாது.

பறவைக்கு வேண்டியது தேனடையின் மெழுகும் அதிலிருக்கும் புழுக்களும். மெழுகைச் செரிக்கும் வயிறு மிகச் சில உயிரினங்களுக்கே வாய்த்திருக்கிறது. மொசாம்பிக்கின் சோஃபாலாவில் 1588 வாக்கில் இருந்த ஜுவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார், தம் சிற்றாலயத்துக்குள் ஒரு சிறு பறவை புகுந்து மெழுகுவர்த்தியைக் கொத்தித் தின்றதை எழுதிவைத்திருக்கிறார். மனிதர்களைத் தேன்கூட்டுக்கு அழைத்துப்போகும் பறவையும் அதுவே என்று அவர் பதிந்ததுதான் இதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்று.

தோல் தடித்த பறவைதான். ஆனாலும் ஆப்பிரிக்கத் தேனீக்கள் பொல்லாதவை. மரப்பொந்துக்குள் இருக்கும் அடையைப் பறவையால் தனியாக எட்டவும் முடியாது. மனிதனிடம் கோடரியும் நெருப்பும் இருக்கின்றன. ஆனால் கூடு எந்த மரத்தில் என்பது அவனுக்குத் தெரியாது. பறவைக்குத் தெரியும். குளிர்ந்த விடியற்காலையில், தேனீக்கள் மந்தமாக இருக்கும்போது, பொந்து வாயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கென்யாவின் போரானா மக்களிடையே ஆய்ந்த ஹுசைன் ஐசக், ஹெயின்ஸ் ரேயர் இருவரும் 1989இல் கணக்குக் கொடுத்தார்கள். பறவையின் துணையில்லாமல் அறியாத காட்டில் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணி நேரம். பறவை காட்டினால் 3.2 மணி நேரம். காட்டப்பட்ட கூடுகளில் 96 சதவீதம், மனிதன் வெட்டித் திறந்த பிறகே பறவையின் அலகுக்கு எட்டக்கூடியவை.

பறவை போகும் விதத்திலேயே தூரம் தெரிந்துவிடும். அழைத்துவிட்டு முதல் தடவை வெகுநேரம் காணாமல் போனால் கூடு தொலைவு. பின்னால் வருபவர் நெருங்க நெருங்க, அது உட்காரும் இடங்களுக்கிடையே தூரம் குறையும். கிளையின் உயரமும் தாழும். கூட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் குரல் மெதுவாகி, இடைவெளி விட்டு ஒலிக்கும். பிறகு பேசாமல் உட்கார்ந்துவிடும். அதன்பின் தேடுவது மனிதன் வேலை. இங்கேதான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். பறவை நிற்கும் மரத்தையே வெட்டப் போவார்கள். கூடு பக்கத்து மரத்தில் இருக்கும்.

வடக்கு மொசாம்பிக்கின் நியாசா வனவிலங்குக் காப்பகத்தில் யாவோ மக்கள், காய்ந்த குச்சிகளைப் பச்சை இலையில் பொதிந்து, நீண்ட கழியின் நுனியில் கட்டி, பற்றவைத்துப் பொந்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள். காய்ந்த குச்சி மட்டும் என்றால் தீ எழும்பும், புகை வராது. பச்சை இலைதான் புகையைக் கிளப்பும். தேனீக்கள் அடங்கியதும் மரத்தைக் கோடரியால் திறந்து அடையை எடுக்கிறார்கள். மெழுகுத் துண்டுகளைப் பச்சை இலை பரப்பி அதன்மேல் பறவைக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பறவையை அழைக்க அவர்களுக்கு ஒரு குரல் உண்டு. நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்ர்", உடனே தொண்டைக்குள் "ஹ்ம்". தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுப்பது. பறவை ஆய்வாளர் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட்டின் குழு 2016இல் இதைச் சோதித்தது. காட்டில் நடந்துகொண்டே, ஒரு முறை இந்த ஒலி, ஒரு முறை வெறும் மனிதப் பேச்சு, ஒரு முறை புறாவின் குரல் என்று ஒலிபரப்பிப் பார்த்தார்கள். மற்ற ஒலிகளுக்குப் பறவை வழிகாட்ட வரும் வாய்ப்பு 33 சதவீதம். "ப்ர்ர்ர்ர் ஹ்ம்" கேட்டால் 66. கூடு கிடைக்கும் வாய்ப்பு 16இலிருந்து 54 சதவீதத்துக்கு ஏறியது. சத்தம் போட்டால் வரும் என்பதில்லை. இந்தச் சத்தத்துக்கு வரும்.

அப்படியானால் ஒலி பிறவியிலேயே தெரியுமா? தாய் தந்தையிடம் கற்றுக்கொள்ள வழியே இல்லை. குயிலைப் போலத் தேன்காட்டியும் பிறர் கூட்டில்தான் முட்டையிடும், பெரும்பாலும் பஞ்சுருட்டான் போன்றவற்றின் வளைகளில். பொரிந்த குஞ்சின் அலகு நுனியில் ஊசி போன்ற கொக்கிகள் இருக்கும். கண் திறக்குமுன்பே இருட்டில் வளையின் சொந்தக் குஞ்சுகளைக் கடித்துக் கொன்றுவிடும். நட்பு என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோரைப் பார்க்காமலே வளரும் பறவை, வழிகாட்டும் குணத்தோடு பிறக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் எந்த ஒலிக்கு வரவேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் இனிமையான சீழ்க்கை அடிப்பார்கள், "ப்ர்ர்ர்ர்" கிடையாது. ஸ்பாட்டிஸ்வுட்டும் மானுடவியலாளர் பிரயன் வுட்டும் 2023இல் இரண்டு ஒலிகளையும் இரண்டு இடங்களிலும் போட்டுக் காட்டினார்கள். தான்சானியப் பறவைகள் ஹட்ஸா சீழ்க்கைக்கு, யாவோ ஒலியைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தன. மொசாம்பிக்கில் யாவோ ஒலிக்கு ஏறக்குறைய இரு மடங்கு. சுற்றுவட்டார மனிதர்களைக் கவனித்துப் பறவை கற்றுக்கொள்கிறது. போரானாக்களோ கைகளைக் குவித்தும், நத்தை ஓட்டிலும், குடைந்த பனங்கொட்டையிலும் ஊதுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

பாக்கி வைப்பவர்கள் என்றேனே, அது ஹட்ஸா பக்கம். பெருக்கமரத்தில் (நம் மன்னாரில் நிற்கும் அதே இனம்) முளை அடித்து ஏறித் தேன் எடுத்தபின், மிஞ்சிய அடையை எரிப்பார்கள், புதைப்பார்கள், ஒளிப்பார்கள். வயிறு நிறைந்த பறவை அடுத்த கூட்டைக் காட்டாது என்பது அவர்கள் வாதம். ஆண்டு உணவில் 8 முதல் 10 சதவீதம் பறவையின் உதவியால் கிடைப்பது. அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு நிற்கிறது. எரித்ததில் சிந்திய துணுக்குகளே பறவைக்குப் போதுமானதாக இருக்கலாம்.

தேன்வளைக்கரடியையும் பறவை இப்படி அழைத்துப்போகும் என்று படம் போட்ட புத்தகங்கள் நிறைய. தேன் எடுப்பவர்களிடம் பல நாடுகளில் விசாரித்தபோது பெரும்பாலோர் அப்படி எதையும் பார்த்ததே இல்லை என்றார்கள். ஹட்ஸாக்களில் மட்டும் பலர் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

சர்க்கரை கடையில் கிடைக்கத் தொடங்கிய ஊர்களில் பறவையின் அழைப்புக்கு எழுந்து போக ஆள் குறைந்துகொண்டே வருகிறது. போனாலும், நாலில் ஒரு பங்கு பயணம் கூடு எதையும் காணாமல் முடியும். தேன்பெட்டி வைக்கும் ஊர்களில் இன்னொரு சங்கடம். ஆர்வமாகக் கத்திக்கொண்டே அது கொண்டுபோய் நிறுத்துவது, சில சமயம், பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிக்கு முன்னால்.