சான்றிதழா, சம்பளமா?

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என் வயதையும் சேர்த்து அறிவித்துவிட்ட கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி என் குறிப்புகளில் பாதியைத் தீர்த்துவிட்ட பேராசிரியர் அவர்களே, துறைத் தலைவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'படிக்கும்போதே பணி அனுபவம்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. எந்த வேலை, எந்த வயதில், என்ன கூலிக்கு என்று மூன்று கூறாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பழமொழிக்காகக் காத்திருப்பார்கள். இன்று சற்று முன்னதாகவே வந்துவிட்டது.

கல்லூரி விடுமுறையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தேன். இலக்கணத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண். அந்தத் திமிர் வேறு. மூன்றாம் நாள் ஒரு கல்லூரியின் அழைப்பிதழ் வந்தது. அடியில் பொடி எழுத்தில் இருந்த நிகழ்ச்சி நிரலைத் துருவித் துருவிப் பார்த்தேன். இரண்டு காற்புள்ளி சேர்த்தேன், ஒரு சந்திப்பிழையைத் திருத்தினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 500 பிரதிகள் அச்சாகின. மை காய்வதற்குள் ஃபோர்மேன் ஒன்றை எடுத்து வந்து என் முன் வைத்தார். உச்சியில், கட்டைவிரல் பருமனில், 'பட்டமழிப்பு விழா'! (சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "தம்பி, பொடி எழுத்தை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். பெரிய எழுத்தைக் கண் பார்க்காது, மனம் தானாகப் படித்துக்கொள்ளும். இனிமேல் தலைப்பைக் கடைசி எழுத்திலிருந்து படி" என்றார். இன்று வாசலில் உங்கள் பதாகையையும் அப்படித்தான் படித்தேன். பிழையில்லை, முதல்வர் அஞ்ச வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து உரிமையாளர் ஒரு தாளை நீட்டினார்: 'நன்முறையில் பணியாற்றினார்.' சம்பளம்? "தொழில் கற்றுக்கொண்டாயே, போதாதா?" என்றார். அந்தத் தாள் மட்டும் என்ன? அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவன், வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டதால், பத்தாம் நாளே வேறு வேலைக்குப் போய்விட்டான். என்னைவிடக் கூர்மையான கண் அவனுக்கு. கூலியில்லாத அனுபவம் வசதியுள்ளவன் பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும் என்று நான் ஊர் ஊராகச் சொல்லி வருவது அவனை நினைத்துத்தான்.

முடியாத காரியமா? அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இலேயே பொறியியல் மாணவர்களைப் படிப்பு பாதி, தொழிற்கூடம் பாதி என்று மாற்றி மாற்றி அனுப்பினார்; வேலைக்கு ஊதியமும் உண்டு. வெள்ளை மாளிகையோ, தன் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் கொடுக்க 2022 வரை எடுத்துக்கொண்டது!

வயதைப் பற்றி ஒன்றே ஒன்று. பதின்ம வயதின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, பள்ளிப் படிப்பைக் கெடுக்காத இலேசான வேலைக்கு மட்டுமே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை இடம் தருகிறது. எந்த வேலை என்பதை... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் உங்கள் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர், துறை, நாட்கள் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஊதியம் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த வரியைச் சேருங்கள். மெய்ப்பு நானே பார்த்துத் தருகிறேன்.