நிரம்பியே திரும்பும் பாட்டில்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். கடைசி ஏழு ஆண்டுகள் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பள்ளிகளில் குடிநீர், கழிப்பறை என்ற பொருளில் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலில் இருந்து தொடங்குகிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என் அறைக்கு வந்தார். மகளுக்குச் சிறுநீர்க் கடுப்பு, கூடவே காய்ச்சல். அந்த ஆண்டில் அது மூன்றாவது முறை. "டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் டீச்சர். இவள் குடிப்பதே இல்லை. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. நீங்கள்தான் ஒரு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் கடைசிப் பாடவேளையில் அந்த வகுப்புக்குப் போனேன். எல்லாரையும் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னேன். பையன்களின் பாட்டில்கள் காலி. சிலர் இரண்டாம் முறை பிடித்துக் குடித்தும் இருந்தார்கள். பெண்கள் பக்கம் வந்தால், ஏறக்குறைய எல்லாப் பாட்டில்களும் கழுத்து வரை தண்ணீரோடு நின்றன. வெயில் அடித்த நாள், நேரம் மூன்றரை மணி. "ஏன் கண்ணு குடிக்கவில்லை?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "குடித்தால் போக வேண்டி வரும் டீச்சர்."

கண்டிக்கப் போனவள் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன்.

பள்ளி விவரங்களை ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்பும் படிவம் ஒன்று உண்டு. மாணவியருக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான்தான். கட்டடம் இருந்தது, எழுதினேன். அன்று மாலை எல்லாரும் போன பிறகு அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தேன். மாணவியருக்கென்று இருந்த ஆறு அறைகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன. ஒன்றில் உடைந்த பெஞ்சுகள், இன்னொன்றில் துடைப்பங்களும் பழைய வினாத்தாள் கட்டுகளும். திறந்திருந்த நான்கில் மூன்றுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேலே தொட்டி இருந்தது, ஆனால் தொட்டியில் இருந்து வரும் பைப்பை ஏதோ ஒரு கோடை விடுமுறையில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்கு எத்தனை மாதங்கள் முன்பிருந்து அந்தக் குழந்தைகள் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தலைமை ஆசிரியைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீரும் வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆறு மாதங்களுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் இவற்றைச் செய்து முடிக்க மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓராண்டுக் கெடு வைத்தார். பொதுத்துறை நிறுவனங்கள் மட்டுமே நாடெங்கும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கழிப்பறைகளுக்குப் பொறுப்பேற்றன.

அவற்றில் 2,695 கழிப்பறைகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு, 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலர்கள். அந்த அறிக்கை 2020-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கட்டியதாகக் கணக்குக் காட்டியவற்றில் 200 அந்த இடத்திலேயே இல்லை. கட்டப்பட்டிருந்தவற்றில் 72 விழுக்காட்டில் உள்ளே தண்ணீர் வசதி கிடையாது. 55 விழுக்காட்டில் கை கழுவ வழியில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடு பயன்பாட்டிலேயே இல்லை. அந்த எண்களைப் படித்தபோது எங்கள் பள்ளியின் பூட்டிய இரண்டு அறைகளும் காற்று வந்த குழாயும்தான் கண்முன் நின்றன. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பணம் ஒதுக்குகிறோம், திறப்பு விழா வைக்கிறோம், கல்வெட்டு பதிக்கிறோம். மோட்டார் காயில் எரிந்துபோனால் அதைச் சுற்றித் தருவதற்குப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நாற்பது மாணவருக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர் கழிக்கும் இடங்களும் என்பது அரசின் வழிகாட்டு அளவு. எங்கள் பள்ளியில் மாணவியர் 240 பேர், கழிப்பறைகள் ஆறு. அளவு சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. இடைவேளை பத்து நிமிடம். ஒரு பெண் உள்ளே போய், உடையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வர இரண்டு நிமிடமாவது ஆகும். அப்படியானால் பத்து நிமிடத்தில் ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு அறைக்கு முப்பது பேர். மீதி 210 பெண்கள் மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் முன்னே நிற்கவே முடியாது, பெரிய பெண்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அளவில் சொல்லப்பட்ட அந்த மூன்று சிறுநீர் இடங்கள் இருந்தால்தான் கணக்கு நேராகும். ஆறு கழிப்பறைக்குப் பதினெட்டு இடங்கள். நான் பார்த்த பல பள்ளிகளில் பெண்களுக்கு அவற்றைக் கட்டுவதே இல்லை. கட்டினாலும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்புவதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், தோழியின் கண்முன்னே உட்காருவாளா?

இதனால்தான் ஆசிரியர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாடம் நடக்கும்போது ஒரு குழந்தை எழுந்து, வெளியே போக வேண்டும் என்று கேட்டால், ஏன் இடைவேளையில் போகவில்லை என்று கேட்காதீர்கள். போக இடம் கிடைத்திருக்காது. அனுப்பிவிடுங்கள்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியில் இதைப் பேசலாமா என்று தயங்கும் காலம் போய்விட்டது என்று நம்புகிறேன். தமிழ்நாடு அரசு 2011-ல் அறிவித்த 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு விலையில்லாமல் நாப்கின் வழங்கப்படுகிறது. பெரிய உதவி அது. ஆனால் நாப்கினை மாற்ற ஓர் அறை வேண்டும், அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள ஒரு கூடை வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்தேன். சில பெயர்களுக்கு நேரே மாதம் தவறாமல் இரண்டு மூன்று நாள் விடுப்பு. விண்ணப்பங்களில் எழுதியிருந்த காரணம் எல்லாம் ஒன்றே: வயிற்றுவலி. அந்த நாட்களில் நடத்திய கணக்குப் பாடம் அவர்களுக்குத் திரும்ப நடத்தப்படவில்லை. மூடியுள்ள கூடையின் விலை அப்போது இருநூறு ரூபாய்க்கும் குறைவு.

குடிநீர் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு துயரம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் பாறையடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் குழந்தையின் நிரந்தரப் பற்கள் உருவாகிற பருவத்திலேயே எனாமலைக் கெடுத்துவிடும். முளைக்கும்போதே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும் பல், எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பில் பார்த்தவள் நான். குழுப் புகைப்படம் எடுக்கும் நாளில் புகைப்படக்காரர் எவ்வளவு கேட்டாலும் உதட்டைப் பிரிக்க மாட்டார்கள். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் காவிரி நீர் எங்கள் ஊர்க் குழாய்களுக்கு வரத் தொடங்கியது.

ஆனாலும் பள்ளியில் நடப்பது வேறு. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்புவார்கள். இரண்டும் ஒரே குழாயில் வரும். எது எந்தத் தண்ணீர் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? சத்துணவுக் கூடத்திலும் அதே தண்ணீர்தான் உலையில் ஏறும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். நாங்கள் செய்தது சின்ன வேலை: குடிக்கவும் சமைக்கவும் தனித் தொட்டி, அதற்கு ஒகேனக்கல் இணைப்பு மட்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கழிப்பறைக்கும் பாத்திரம் கழுவவும். அந்தக் குழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தோம். சிவப்புக் குழாயில் வாய் வைக்கக் கூடாது என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். பிளம்பருக்குக் கொடுத்த கூலியையும் சேர்த்து, மொத்தச் செலவை ஊர்க்காரர்கள் மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இனி, யார் கழுவுவது என்ற கேள்வி. இதை நான் குரல் உயர்த்தியே சொல்வேன். மாணவர்களைக் கழிப்பறை கழுவ அனுப்பும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அனுப்பப்படும் குழந்தைகள் எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே தெருவாக இருக்கும். அது குற்றம். எந்த ஆசிரியரும் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அதே மூச்சில் தூய்மைப் பணியாளரையும் நினைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கு வந்த அம்மாவுக்கு மாதம் கிடைத்தது சொற்பத் தொகை. அதுவும் மூன்று நான்கு மாதம் சேர்ந்து ஒரு நாள் வரும். கையுறை கிடையாது. வெறுங்கையால் ஆசிட் ஊற்றித் தேய்த்தார். ஒன்றிய அரசின் பள்ளி மானியத்தில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைக்கு என்பது விதி. தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்து விழுக்காடு 2,500. ஆண்டுக்கு இருநூறு வேலைநாள் என்று வகுத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். பினாயில், சோப்பு, துடைப்பம், வாளி எல்லாம் அதற்குள். எந்த வீட்டில் தொண்ணூறு பேர் பயன்படுத்தும் கழிப்பறையைப் பன்னிரண்டரை ரூபாயில் சுத்தமாக வைத்திருக்க முடியும்? தலைமை ஆசிரியர்கள் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள். போட முடியாதவர்கள் பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக் கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் அனுபவத்தில் சொல்வேன்.

கேரளத்தில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-ல் தமிழ்நாட்டிலும் அது வந்திருக்கிறது. மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மணி ஒலிக்கும் பள்ளியில் கழிப்பறையும் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெண் குழந்தைகள் பாட்டிலை வாயருகே கொண்டுபோய், குடிப்பதுபோல் காட்டிவிட்டு மூடிவைத்துவிடுவார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தலைமை ஆசிரியர் கேட்டு வராத பிளம்பர், குழு தீர்மானம் போட்டு ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தால் வருகிறார். இதையும் நான் கண்டிருக்கிறேன். எங்கள் பள்ளியின் தாழ்ப்பாள்களும் பைப்பும் அப்படித்தான் வந்தன. முன்னின்று அலைந்தவர், மகளைக் கண்டிக்கச் சொல்லி என்னிடம் வந்த அந்த அம்மாதான்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேலை தருகிறேன். நாளை மாலை பிள்ளை பள்ளியில் இருந்து வந்ததும் பையை வாங்கி, பாட்டிலைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போய், மாணவியர் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள்.

வணக்கம்.