நீரின் அழுத்தமும் நம் ஊர்க் கிணறுகளும்

(பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் அறிவியல் மன்ற விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, வெயிலில் நாற்காலி சுமந்து போட்ட மாணவச் செல்வங்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையைச் சமையல் அம்மாவுக்குப் போர்த்த அனுமதி கேட்டேன். தலைவர் உடனே சம்மதித்தார். அவருக்கு என் நன்றி.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நீரின் அழுத்தம் ஒன்று, மிதப்பு ஒன்று, பாஸ்கல் விதி ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து நம் பெரியவர்கள் ஒரே வரி வைத்திருக்கிறார்கள்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

முதலில் அழுத்தம். தண்ணீரின் அழுத்தம் அதன் பரப்பைப் பார்ப்பதில்லை, ஆழத்தை மட்டுமே பார்க்கும். பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாக அழுத்துகிறது. கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. அந்த ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். அணைச்சுவரை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் கட்டுவது இதற்காகத்தான். சரி, 52 அடித் தண்ணீர் நிற்கும் உங்கள் தோட்டத்துக் கிணற்றின் அடியில் எவ்வளவு? அதே ஒன்றரைக் கிலோதான். கடல் மாதிரி விரிந்த அணைக்கும், எட்டிப் பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியும் கிணற்றுக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசமே கிடையாது. ‘சின்னக் கிணறுதானே’ என்று பிள்ளைகளை விடும் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

அடுத்தது மிதப்பு. காரிமங்கலம் பக்கம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். பலகை முறிந்து, எண்பது கிலோவுக்குக் குறையாத ஒரு மோட்டார் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. முப்பது அடித் தண்ணீர். கீழே சேற்றில் பாதி புதைந்து கிடக்கிறது. கிரேன் வர வழியில்லை, வரப்புதான் பாதை. ஆளாளுக்கு ஒரு கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள். ஒரு கயிறு அறுந்து, இழுத்தவர்கள் எல்லோரும் மல்லாக்க விழுந்தார்கள். பயிர் காய்கிறதே என்று வீட்டுக்கார அம்மா ஒரு பக்கம் அழுகிறார். அப்போது ஒரு பெரியவர், பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னார். ‘மோட்டார் விழுந்ததுக்குப் பஞ்சர் கடை எதுக்குப் பெரியப்பா?’ என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரி டியூப் ஒன்று, கம்ப்ரசர், நீளமான ஓஸ் எல்லாம் டிராக்டரில் வந்தன. காற்றில்லாத டியூபைச் சுருட்டிக்கொண்டு ஒரு பையன் தம் பிடித்து மூழ்கினான். காது வலிக்கிறது என்று பாதியிலேயே மேலே வந்தான். அந்த வலிதான் நான் முதலில் சொன்ன அழுத்தம். திரும்பப் போய், மோட்டாரோடு டியூபைச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தான். மேலே கம்ப்ரசரை ஓட்டினார்கள். முதலில் குமிழி மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் சேறு கலங்கியது. அப்புறம் மோட்டார், யாரும் இழுக்காமலே, டியூபோடு தானாக மேலே வந்து நின்றது! ஏறஏற அழுத்தம் குறைந்து டியூப் இன்னும் உப்பியதால் வேகமும் கூடியது. சிரித்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடிஸ் சொன்னதைத்தான் அவர் செய்து காட்டினார். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அதை மேலே தள்ளும். டியூப் நூறு லிட்டர் விலக்கினால் நூறு கிலோ தள்ளும். ஒகேனக்கல் பரிசலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. இரண்டு மீட்டர் அகலமான பரிசல் பத்து சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே முந்நூறு லிட்டருக்கு மேல் விலக்கிவிடும். நாலைந்து பேரை அது தாங்குவது இப்படித்தான்.

இனி நான் சொல்வதை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலும் நம் உடம்பு தண்ணீரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் லேசு. அந்தக் கொஞ்சத்தில் முகம் மட்டும் வெளியே நிற்கும். பயந்து இரண்டு கையையும் மேலே தூக்கினால், கைகளுக்குத் தண்ணீர் தந்த தாங்கல் போய்விடுகிறது, அந்த எடை முழுவதும் தலையை உள்ளே அழுத்துகிறது. ‘காப்பாத்துங்க’ என்று கத்தினால் காற்றும் போய்விடுகிறது. மல்லாந்து, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, நெஞ்சு நிறைய மூச்சை வைத்திருக்கப் பழகிய பிள்ளை, ஆள் வந்து தூக்கும்வரை மிதந்துகொண்டிருக்கும். இதைப் பரீட்சைக்கு எழுதினால் போதாது, உடம்புக்குப் பழக வேண்டும். சுரைக்குடுக்கை கட்டி அப்பா சித்தப்பாக்கள் கிணற்றில் இறக்கிக் கற்றுக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நாம் படிக்கும் செய்தி என்ன? ஆழம் தெரியாமல் காலை விட்ட குழந்தைகளின் செய்திதானே?

மூன்றாவது, பாஸ்கல் விதி. அடைத்துவைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும் என்பதுதான் அது. ஜேசிபி கையைத் தூக்குவதும் லாரி ஜாக்கியும் அதனால்தான். அறிவியல் ஆசிரியர் வகுப்பில் அதை அழகாக நடத்துவார். எனக்கிருக்கும் நேரத்தை ஒரு கோரிக்கைக்குத் தந்துவிடுகிறேன்.

தலைவர் அவர்களே, நம் ஊராட்சியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைக் கணக்கெடுங்கள். பாழடைந்து கிடப்பவற்றுக்கு முதலில் வேலி போடுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மிதக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். பாதுகாப்புக்கு ஆளும் கயிறும் இருக்கிற, இடுப்பளவுத் தண்ணீர் போதும். இதையெல்லாம் மனுவாக எழுதி மேடை ஓரத்து மேசையில் வைத்திருக்கிறேன். தாய்மார்கள் சாப்பிடப் போகுமுன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தலைவர் இங்கேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.