ஏழாவது ஆள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'கால்பந்தின் உயிர் இருப்பது பெரிய அரங்கத்திலா, ஊர் மைதானத்திலா?' என்பது தலைப்பு. ஊர் மைதானத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "மேட்டில் பட்டுத் திசை மாறுகிற பந்து, ஆளுக்குப் போய்ச் சேராத பாஸ், இதை யார் வந்து பார்ப்பார்கள்?" என்று கேட்டார். சரி, யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

கால்பந்தின் மூன்றாம் விதிப்படி, ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. பெரிய கிளப்புகளுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே நினைவில் இருக்காது. ஊர் அணியின் செயலாளருக்கோ வாராவாரம் இதே கவலை. ஒருவனுக்கு இரவு ஷிஃப்ட், ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம், இன்னொருவன் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். ஆறு பேர்தான் தேறினார்கள். அப்போது, ஆடுவதை விட்டுப் பத்து வருஷமான ஒருவர் பழைய பூட்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார். 90 நிமிஷம் ஓட முடியாது என்று அவருக்கே தெரியும். தான் வராவிட்டால் ஆட்டமே கிடையாது என்பதும் தெரியும். நடுவர் அவர்களே, எந்தப் பணக்காரக் கிளப் இந்த ஏழாவது ஆளை விலைக்கு வாங்கும்?

அவருக்கும் முன்பே மைதானத்துக்கு வந்துவிட்டவர் கோடு போடுகிறவர். கோலிலிருந்து 11 மீட்டர் அளந்து பெனால்டி புள்ளி வைப்பார், வலை கிழிந்த இடத்தைக் கயிற்றால் முடிவார். லைன்ஸ்மேன் அனுப்பப்படாத ஆட்டத்தில் அணிக்கு ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். சொந்தப் பிள்ளை உதைத்த பந்து கோட்டைத் தாண்டினாலும் கொடி உயர வேண்டும். பிள்ளை முறைப்பான், அப்பா கொடியை இறக்க மாட்டார். அந்தக் கைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எதிரணி நண்பர் தேடிய பார்வையாளர்கள் இவர்கள்தான். ஜெர்சி துவைத்த கைதான் கோல் விழும்போது தட்டுகிறது.

திறமை இல்லை என்றும் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்த கலே, நான்காம் பிரிவில் ஆடிய அமெச்சூர் அணி. கலே துறைமுக நகரம்தான், கிராமம் இல்லை. ஆனால் அந்த ஆட்டக்காரர்களும் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பெனால்டி, எதிர்த்து ஆடிய முதல் பிரிவு அணியான நாந்த் 2-1 என்று வென்றது. கோப்பையை வாங்கப் போன நாந்த் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனையும் அழைத்தார். இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். பெரிய அரங்கம் அன்று ஊர் மைதானத்தின் வழக்கத்துக்கு வந்தது.

அது என்ன வழக்கம் என்றால், வலையைக் கழற்றுகிற நேரத்துக்கு வாருங்கள், நடுவர் அவர்களே. ஆறு கோல் வாங்கிய கோல்கீப்பர் ஒரு கம்பத்தில் நிற்பான். அதில் மூன்றை அடித்தவன் எதிர்க் கம்பத்தில் நிற்பான். இருட்டுவதற்குள் இருவருமாக முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டும்.

நன்றி, வணக்கம்.