வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சித்திரம்

[திரையில்: மேசைமேல் விரித்து வைத்த சிறிய ஸ்கெட்ச் நோட்டு. பாதி வரைந்த நிலையில் ஒரு குழந்தையின் காலணி.]

வணக்கம். அலுவலக வேலையும் வீட்டு வேலையும் ஒருவழியாக ஓய்ந்த பிறகு, "இனி கொஞ்சம் வரையலாம்" என்று நோட்டைத் திறந்த அடுத்த நிமிடமே கண் சொக்கிக்கொண்டு வருவதை, சித்திரம் வரைவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் எல்லாரும் அறிந்திருப்பீர்கள். நேரம் போதவில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய தடை, ஒரு சித்திரத்தை ஒரே இருப்பில் தொடங்கி முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்று நான் கருதுகிறேன். அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஒரு சித்திரத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குப் பொருந்தும் பொழுதில் செய்வது எப்படி என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

[திரையில்: "1910 – 1952" என்ற எழுத்து. பின்னணியில் புகைபோக்கிகளும் தெருவில் நடக்கும் மனிதர்களும் கொண்ட ஒரு கோட்டோவியம்.]

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் முன்னோடி, எல்.எஸ். லௌரி என்ற ஆங்கிலேய ஓவியர். மான்செஸ்டர் வட்டாரத்தின் ஆலைத் தெருக்களை வரைந்து புகழ்பெற்ற அவர், 1910 முதல் 1952இல் ஓய்வு பெறும் வரை ஒரு சொத்து நிறுவனத்தில் வாடகை வசூலிக்கும் வேலை பார்த்தார். ஓவியத்தை மாலை வகுப்புகளில் கற்றார். 1932இல் தந்தை இறந்த பிறகு, படுக்கையில் கிடந்த தாயை 1939இல் அந்தத் தாய் இறக்கும்வரை கவனித்துக்கொண்டதும் அவரே. தாய் உறங்கிய பின், இரவு பத்து மணிக்கு மேல்தான் தூரிகையை எடுத்தார். அவரைப்போல் நள்ளிரவு தாண்டி விழித்திருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கத்தை இழந்து வரையும் பழக்கம் நம்மில் பலருக்கு நெடுநாள் நிலைப்பதில்லை. அவரிடம் நான் கற்றுக்கொள்வது வேறு. வாடகை வசூலிக்க நடந்த அதே தெருக்களை அவர் கண்ணால் வரைந்துகொண்டே போனார். இரவில் வேலை செய்தது கை மட்டும்தான். வண்ணங்களிலும் கருப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் காவி, வெள்ளை என்று ஐந்தையே வைத்துக்கொண்டார். எந்த வண்ணத்தை எடுப்பது என்ற தடுமாற்றத்தில் ஒரு நிமிடமும் வீணாகாத ஏற்பாடு அது.

[திரையில்: ஒரே பக்கத்தில் தீப்பெட்டி அளவில் மூன்று செவ்வகங்கள். ஒவ்வொன்றிலும் அதே காலணி வெவ்வேறு கோணத்தில்.]

இப்போது சித்திரத்தைப் பிரித்துச் செய்யும் கட்டங்களுக்கு வருவோம். முதலாவது, தம்ப்நெயில் எனப்படும் சிறு முன்வரைவு. தீப்பெட்டி அளவுச் செவ்வகம் ஒன்றைப் போட்டு, அதற்குள் பொருள் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடத்தை நிரப்புகிறது, மிகவும் இருண்ட பகுதி எது என்ற மூன்றை மட்டும் முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். எதற்காகவாவது காத்திருக்கும் நேரத்தில், பேருந்திலோ வரிசையிலோ நின்றபடிகூடச் செய்துவிடலாம். சிறியது என்பதால் விவரங்களில் மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை. இப்படி மூன்று செவ்வகங்கள் போட்டால், பெரும்பாலும் முதலாவதைவிட மூன்றாவது நன்றாக இருக்கும்.

அடுத்தது பென்சில் வரைவு. சித்திரத்தின் கடினமான பகுதி இதுதான். அளவும் கோணமும் விகிதமும் இங்கேதான் சரியாகவோ தவறாகவோ அமைகின்றன. ஆகவே வாரத்தில் உங்கள் மனம் தெளிவாக இருக்கும் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள். விடுமுறை நாளின் காலையில் முக்கால் மணி நேரம் கிடைத்தால், அதை வண்ணம் தீட்டிச் செலவழித்துவிடாதீர்கள்.

[திரையில்: காலணியின் நாடாவுக்கும் நாக்குப் பகுதிக்கும் இடையே உள்ள சிறு முக்கோணம் பெரிதாகிறது.]

இந்தக் காலணியையே பாருங்கள். மூளைக்குக் காலணி என்றால் எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும். அதனால் கண் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். இரண்டு நாடாக்கள் குறுக்கே செல்லும் இடத்தில் ஒரு சாய்ந்த முக்கோணம் தெரிகிறது. அந்த முக்கோணத்தின் வடிவத்தைச் சரியாக வரைந்துவிட்டால், நாடாக்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்து விழும். குதிகாலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதையும் கவனியுங்கள்: காலைச் சற்றுச் சாய்த்து நடக்கும் ஒரு குழந்தை அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. சித்திரம் என்பது ஒரு செய்தியையோ கதையையோ சொல்லும் படம் என்பதால், இப்படிப்பட்ட தடயங்களே அதற்கு உயிர். வரைவதற்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புவதும் இதனால்தான். குடும்பத்தோடு இருப்பவருக்கு ஒரு நாளில் கண்ணில் படும் பொருள்களும் முகங்களும், வரைந்து தீராத அளவுக்கு இருக்கின்றன.

மூன்றாவது கட்டம், மையால் கோடு போடுவது. இதற்குப் பெரிய முடிவுகள் தேவையில்லை. நிதானமான கை வேண்டும். நீண்ட கோடுகளை விரலால் இழுக்காமல், தோளிலிருந்து முழுக்கையையும் அசைத்து இழுத்தால் கோடு நடுங்காது, மணிக்கட்டும் வலிக்காது. கடைசிக் கட்டமான நிழலும் வண்ணமும் களைத்த மாலைப் பொழுதுக்கு ஏற்றவை. ஒரே திசையில் நெருக்கமாகக் கோடுகள் போட்டு நிழலை நிரப்புவதை, குழந்தை பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டேகூடச் செய்யலாம். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தை முதலில் பூசி, அது நன்கு காய்ந்த பிறகே அடர்நிறத்துக்குப் போக வேண்டும் என்பதால், நடுவில் எழுந்து வேறு வேலையைப் பார்த்துவிட்டு வருவது சித்திரத்துக்கு நல்லதே செய்கிறது.

[திரையில்: ஒரு சிறு பை. அதற்குள் நோட்டு, இரண்டு பென்சில்கள், பேனா, சிறு வண்ணப்பெட்டி.]

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு அடக்கமான ஏ5 அளவு நோட்டு ஒன்று, எச்.பி. பென்சில் ஒன்று, அடர்நிழலுக்கு 4பி ஒன்று, நீரில் கரையாத மையுள்ள பேனா ஒன்று இருந்தால் போதும். அச்சுக்குப் பயன்படும் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். நீர்வண்ணத்துக்கு 300 ஜி.எஸ்.எம். தாளே தாங்கும். மை கரையுமா என்ற சந்தேகம் இருந்தால், தனித்தாளில் ஒரு கோடு போட்டு, காய்ந்த பின் ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துவிடுங்கள். டேப்லெட்டில் வரைபவர்களுக்குக் காய வைக்கும் வேலையே இல்லை. ஆனால் அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் தொடங்குவது அவசியம். எதில் வரைந்தாலும், கருவிகள் எல்லாம் ஒரே பையில், எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எடுத்துப் பரப்பவே பத்து நிமிடம் ஆகுமானால், இருபது நிமிட ஓய்வில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்பது பலருக்கும் உள்ள தயக்கம். "எனக்கு நேரமே கிடைப்பதில்லை" என்று பொதுவாகக் குறைபட்டுக்கொள்வதைவிட, "ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை நான் வரைகிறேன், அதற்கடுத்த ஒரு மணி நேரம் உங்களுடையது" என்று கணவரிடமோ மனைவியிடமோ தெளிவாகக் கேட்பது நியாயமானது. கொடுத்து வாங்கும் நேரமாக இருந்தால் குற்ற உணர்வும் வராது. சிறு குழந்தைகளுக்கு அவர்களுக்கென்று தனித் தாளும் தனிப் பென்சிலும் கொடுத்து அருகில் உட்கார வையுங்கள். உங்கள் தாளில் அவர்கள் ஒருநாள் கிறுக்கிவிடக்கூடும். கிறுக்கிய பக்கத்தைக் கிழிக்காமல் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக வரையத் தொடங்கியதும், பணத்துக்கு வரைந்து தரும்படி யாராவது கேட்பார்கள். அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் கெடு தேதியும் திருத்தங்களும் வந்துவிட்ட பிறகு அது இரண்டாவது வேலையாகிவிடும் என்பதை அறிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்காக மட்டும் வரையும் ஒரு நோட்டை அப்போதும் தனியாக வைத்திருங்கள்.

[திரையில்: பாதி முடிந்த காலணிச் சித்திரம். பக்கத்தின் ஓரத்தில் சிறு எழுத்தில் ஒரு குறிப்பு.]

ஒரு சிறு வழக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். நோட்டை மூடுவதற்கு முன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுவேன். நான்கு நாள் கழித்துத் திறந்தாலும், எங்கே விட்டோம் என்று யோசிக்காமல் கை நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். இந்தப் பக்கத்தில் நேற்று இரவு எழுதி வைத்த குறிப்பு இது: "குதிகாலின் தேய்ந்த பக்கத்துக்கு நிழல், நாடாவின் நுனி இன்னும் வரையவில்லை."

[திரையில்: பேனாவை எடுக்கும் கை. நாடாவின் நுனியிலிருந்து ஒரு கோடு தொடங்குகிறது.]